நிழல் மட்டும் திரும்பி வந்த தேர்தல்

புளியங்கரை மாநகராட்சியின் மேயர் தேர்தலுக்குச் சுயேச்சையாக நின்ற அமலோற்பவம், கீழ பஜாரில் மைக்கைப் பிடித்து, "எனக்கு ஓட்டுப் போட்டா இந்த ஊருக்கு நிழலத் திரும்பக் கொண்டாருவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்த மறுநாள் காலை, ரோட்டை அகலப்படுத்துவதற்காக ஒரு காலத்தில் வெட்டிச் சாய்த்த மரங்களின் நிழல்களெல்லாம் திரும்பி வந்து, அதனதன் பழைய இடத்தில் விழுந்து கிடந்தன. மரங்கள் வரவில்லை. நிழல் மட்டும்தான் வந்தது. கீழ பஜார் நெடுகப் புளியமர நிழல், பெரியகுளத்துச் சாலையில் மருதமர நிழல், பழைய ஆஸ்பத்திரி வாசலில் வாதாமர நிழல் என்று வரிசையாக விழுந்து, காற்றடித்தால் ஆடி, வெயில் ஏற ஏறச் சுருங்கி, பொழுது சாயச் சாய நீண்டு, ஒரு நிழல் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே நடந்துகொண்டன. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானமும் கேபிள் வயரும். குனிந்து பார்த்தால் தோப்பு.

முதல் நாள் ஊர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தது. கழுத்து வலித்ததும் விட்டுவிட்டது. மத்தியானத்துக்குள் நுங்குக்காரர்களும் வெள்ளரிக்காய்க்காரிகளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நல்ல இடமாகப் பிடித்துவிட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டு புளியமர நிழலுக்கு மாறியது. "எங்க கடை வாசல்ல விழுற நிழல் எங்களுக்குத்தான்" என்று பாத்திரக்கடைக்காரர் கயிறு கட்டினார். நிழல் ஒரு மணி நேரத்தில் கயிற்றைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டது. வேலையில்லாத பெரிய மனிதர்கள் ரோட்டில் குனிந்து நின்று, இது நாட்டுப் புளியா, சீமைப் புளியா என்று சண்டை போட்டார்கள். மாமரத்தை வெட்டி அந்த இடத்தில் ஹால் எடுத்துக் கட்டியிருந்த ரிட்டயர்டு தாசில்தார் வீட்டில், காலை ஒன்பது மணிக்கு டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே மாமர நிழல் வந்து விழுந்தது. அவர் மனைவி அதில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, கல்யாணம் ஆன நாளாய் இப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்றாள். மொட்டைமாடியில் வத்தல் போட்டிருந்தவர்களுக்கு மட்டும் ஒரே கோபம். மோர்மிளகாய் காயமாட்டேன் என்கிறது, இது என்ன சனியன் பிடித்த நிழல் என்று தெருத்தெருவாய்ப் புலம்பினார்கள். வீட்டுப் புரோக்கர்கள் "நிழல் உள்ள வீடு, நிழல் இல்லாத வீடு" என்று இரண்டு வாடகை சொல்லத் தொடங்கினார்கள். அவ்வளவுதான், ஒரு வாரத்தில் அதிசயம் அன்றாடக் காரியமாகிவிட்டது.

அமலோற்பவத்துக்கு மட்டும் அது அன்றாடக் காரியமாகவில்லை.

அவள் இரண்டு முறை வார்டு கவுன்சிலராக இருந்தவள். சாக்கடை அடைத்தால் ஆளைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறவள் இல்லை, அடைப்பு எடுக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நிற்கிறவள் என்று பெயர். அவள் கணவன் சவேரியார்பிச்சை டிராபிக் போலீஸ்காரர். ஊரின் நட்டநடுவில் நாலு ரோடும் சேர்கிற இடத்துக்கு வேப்பமரத்து முக்கு என்று பெயர். வேப்பமரத்தை வெட்டி எத்தனையோ வருஷமாகியும் பஸ் கண்டக்டர்கள் இன்னும் அப்படித்தான் சொல்லி ஆளை இறக்குகிறார்கள். அந்த முக்கில், போன கோடைக்கு முந்திய கோடையில், அக்கினி நட்சத்திர வெயிலில் கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்திய சவேரியார்பிச்சை, அந்தக் கையை இறக்காமலே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர்கள் வெயில் என்றார்கள். வெயிலின் மேல் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? அவள் மேயர் தேர்தலுக்கு நின்றாள்.

அவளுக்குச் சின்னமாகக் கேரம் போர்டு கிடைத்தது. தெருமுனைகளில் அவள் பேசியதெல்லாம் ஒன்றேதான். ரோட்டோரம் மரம் வைப்பேன். சிமெண்டு போட்டு மூடிய ஓடைகளைத் திறந்து மழைத்தண்ணியைப் பெரியகுளத்துக்குக் கொண்டுபோவேன். வெயில் கொடுமையான நாளில் மண்டபங்களைத் திறந்து ஜனங்களை உட்காரவைப்பேன். அந்த நாட்களில் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூணு வரைக்கும் இந்த ஊரில் ஒருத்தரும் வெட்டவெளியில் நின்று வேலை பார்க்கக் கூடாது. கேட்டவர்கள் கைதட்டிவிட்டு, நல்ல பொம்பளை, ஆனால் ஜெயிக்கமாட்டாள் என்று பேசிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில்தான் நிழல் வந்தது.

சவேரியார்பிச்சையின் தம்பி ஜெபஸ்தியான் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தான். அண்ணி தேர்தலுக்கு நின்றும் தனக்கு ஒரு பேனர் ஆர்டர் வரவில்லையே என்று மனம் நொந்து கிடந்தவன், நிழலைக் கண்டதும் துள்ளிக்கொண்டு வந்தான்.

"மைனி, வாயத் தொறந்து சொன்னீய, விடியறதுக்குள்ள வந்துட்டு. நிழல் தந்த தாயேன்னு ஒரே ஒரு பேனர் அடிச்சு முக்குல வச்சிருவோம். அவ்வளவுதான், ஜெயிச்சாச்சு."

"நா தரலயேடா."

"யாரு தந்தா என்ன? வேற எவனாவது நா தந்தேன்னு சொல்றதுக்கு முன்னால நாம சொல்லணும்லா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முக்குக்குப் போனாள். அங்கே வேப்பமரத்து நிழல் வட்டமாய், அடர்த்தியாய், சவேரியார்பிச்சை விழுந்த அதே இடத்தில் விழுந்து கிடந்தது. அதற்குள் முத்துச்செல்வி என்கிற சின்ன வயசு போலீஸ்காரி நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் நிழலுக்குள் காலை வைத்தாள். குளுகுளுவென்றிருந்தது. அவளுக்கு அப்படியே உட்கார்ந்து ஊர் கேட்க அழ வேண்டும்போல் இருந்தது. நன்றியில் இல்லை, ஆத்திரத்தில். இப்போது வந்து என்ன புண்ணியம், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்ன என்று அவள் அந்த நிழலோடு மனசுக்குள் சண்டை போட்டாள். நிழல் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அவளை எதிர்த்து நின்ற குலசேகரன், ஊரில் மூன்று கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரர். நிழல் தன்னால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. அதைவிடக் கெட்டிக்காரர். முக்கிலேயே மேடை போட்டு, "மரம் வப்பேன், மரம் வப்பேன்னு ஒரு அம்மா சொல்லிட்டுத் திரியுதாவ. எதுக்குங்கேன்? நிழல்தான் வந்துட்டே. எல குப்ப இல்ல, காக்கா எச்சம் இல்ல, வேரு வந்து வீட்ட இடிக்கப் போறதில்ல. மரம் வைக்க இருந்த எடத்துல நா பார்க்கிங் கட்டித் தாரேன்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து கைதட்டியது. அமலோற்பவத்தின் ஆட்டோவில் மைக் பிடித்துக்கொண்டிருந்த ஆள்கூட, "அவ்வொ சொல்றதும் ஒரு விதத்துல நாயந்தானக்கா" என்றான்.

இந்த இடத்தில் தேர்தல் அதிகாரி வருகிறார். தேர்தல் அறிவித்துவிட்டால் தலைவர்கள் சிலைகளைத் துணி போட்டுச் சுற்றி மூடிவிடுவது நம் ஊர் வழக்கம். சிலையைப் பார்த்து மயங்கி யாரும் ஓட்டுப் போட்டுவிடக் கூடாதல்லவா. ஒரு வேட்பாளர் மைக்கில் வாக்குக் கொடுத்த மறுநாளே வந்து சேர்ந்த நிழலும் வாக்காளர்களைக் கவர்கிற பொருள்தான் என்று யாரோ மனுக் கொடுக்க, அதிகாரி ரொம்ப நேரம் யோசித்து, ஊரிலுள்ள மரமில்லாத நிழல்களையெல்லாம் ஓட்டு எண்ணி முடிகிறவரைக்கும் மூடிவைக்கும்படி உத்தரவு போட்டார். நிழலை எப்படி மூடுவது? காண்டிராக்டர் வந்து ஒவ்வொரு நிழலுக்கும் மேலே பந்தல் போட்டார். பந்தலுக்குக் கீழே பந்தலின் நிழல் எது, மரத்தின் நிழல் எது என்று யாருக்கும் தெரியவில்லை. உத்தரவு நிறைவேறிவிட்டது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரியே ஒரு பந்தலுக்குக் கீழே நின்று சர்பத் குடித்துவிட்டுப் போனார்.

காண்டிராக்டர் செய்த ஒரு காரியத்தை மட்டும் அப்போது யாரும் கவனிக்கவில்லை. தேர்தல் நேரம் ஆகையால் ஊரில் உள்ள மூங்கிலெல்லாம் கட்சி மேடைகளுக்குப் போய்விட்டது. அவர் வாய்க்கால் கரையில் நின்ற பூவரச மரங்களில் பச்சைக் கம்பாக வெட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு நிழலுக்கும் நட்டநடுவில் ஆழமாய்க் குழி தோண்டி ஊன்றி, கம்பு உறுதியாக நிற்பதற்காகக் குடம் குடமாய்த் தண்ணீர் விட்டு மண்ணை மிதித்துவிட்டுப் போயிருந்தார். பூவரசைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலிக்கு நட்டால்கூட வேர் பிடித்துக்கொள்ளும். பிரச்சாரம் சூடு பிடித்துக்கொண்டிருந்தபோது கம்புகள் ஒவ்வொன்றாகத் துளிர்த்தன.

முதலில் துளிர்த்தது கீழ பஜாரில், இட்லிக்கடை வாசலில். மறுநாள் அந்தப் புளியமர நிழலைக் காணோம். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுசி பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டதும் எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி, அது எழுந்து போய்விட்டது. பந்தல் துணி மேலே இருந்தும் அந்த இடத்தில் வெயில் துணியைத் தாண்டி விழுந்தது. வெயிலுக்கு நடுவே, துளிரின் நிழல் தீப்பெட்டி அளவுக்கு. அடுத்தது ஆட்டோ ஸ்டாண்டில். அங்கேயும் அப்படியே. ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புது மரம் துளிர்க்கிற இடத்தில் பழைய நிழல் இருக்காது. இரண்டில் ஒன்றுதான். துளிரைக் கிள்ளிவிட்டால் நிழல் திரும்பிவிடும்.

அப்புறம் நடந்ததை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஜனங்கள் அவரவர் வாசல் கம்பைத் தடவிப் பார்த்து, முளைவிட்ட துளிரைக் கிள்ளி எறிந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் கிள்ளினார்கள். நல்லவர்கள்தான், ஒரு செடிக்குத் தீங்கு நினைக்காதவர்கள்தான், ஆனால் மே மாதம். பெரியகுளத்துச் சாலையில் ஒரே ஒரு பூக்காரி மட்டும் துளிரைக் கிள்ளாமல் விட்டுவிட்டு வெயிலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாவமா இருக்கு" என்றாள்.

பிரச்சாரம் முடிகிற நாள் காலையில் வேப்பமரத்து முக்குக் கம்பு துளிர்த்தது. செய்தி பரவி, மத்தியானம் அங்கே ஊரே கூடிவிட்டது. அமலோற்பவத்தின் கடைசிக் கூட்டமும் அங்கேதான். குலசேகரனின் ஆட்கள் முன்னால் வந்து நின்று, "மரம் வைக்கிற அம்மா என்ன செய்யப் போறீய? இந்தப் போலீஸ்காரப் பிள்ளைய வெயில்ல போடப் போறீயளா?" என்று கேட்டார்கள். அவள் கிள்ளினால் இத்தனை நாள் பேசியதெல்லாம் பொய். கிள்ளாவிட்டால், புருஷனை வெயிலுக்குக் கொடுத்தவள் இன்னொருத்தியையும் கொடுத்தாள் என்று ஆகும். ஜெபஸ்தியான் காதோரம் வந்தான்.

"மைனி, கிள்ளிருங்க. ஓட்டு முடியட்டும். பொறவு மெதுவா நட்டுக்கிடலாம்."

அவள் முத்துச்செல்வியிடம் போனாள். "நீ சொல்லு தாயி. இங்கன நிக்கது நீதான்."

முத்துச்செல்வி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். "நெசத்தச் சொல்லுதேன்க்கா, எனக்கு நிழல் வேணும். இது வந்த பொறவுதான் தலவலி இல்லாம வீட்டுக்குப் போறேன். பிள்ளைட்ட எரிஞ்சு விழாம இருக்கேன்."

அமலோற்பவம் துளிரின் பக்கத்தில் போய் நின்றாள். அது செம்பு நிறத்தில், மடித்துவைத்த மாதிரி இருந்தது. கிள்ளுவதற்கு ஒரு நொடி போதும். அவள் கை உயர்ந்தது என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு அவள் அந்தக் கையால் மைக்கை வாங்கினாள்.

"எம் புருசன் செத்தது நிழல் இல்லாததுனாலன்னு நானும் இத்தன நாளு நினைச்சேன். அது மட்டும் இல்ல. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒரு மனுசன் நடுரோட்டுல நின்னு கையக் காட்டினாத்தான் நாம வண்டிய நிறுத்துவோம். அதுனாலயுந்தான். இந்தத் துளிர நா கிள்ளமாட்டேன். நாளைக்கு இங்கன நிழல் இருக்காது. அதுக்காக இந்தப் பிள்ள வெயில்ல நிக்கவும் கூடாது. உச்சி வேளைக்கு இங்கன யாரும் நிக்க வேண்டாம். நம்ம வண்டிய நாமளே நிறுத்துவோம். மரம் வளர்ற வரைக்கும். முடியுமா?"

ஆட்டோ ஓட்டுகிற தளவாய் என்பவர், பொய் சொல்லத் தெரியாத ஆள், பின்னாலிருந்து சொன்னார்: "முடியாதுக்கா. இந்த ஊர்ல போலீசு நின்னாலே நாங்க நிக்கமாட்டோம்."

கூட்டம் சிரித்துவிட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. "முடியாதுன்னா எனக்கு ஓட்டுப் போடாதீய" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஜெபஸ்தியான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் பிரச்சாரம் கிடையாது, ஓட்டுக்கு முந்திய நாள். முக்கில் வேப்பமரத்து நிழல் போயிருந்தது. பந்தல் துணி இருந்தும் வெயில் மண்டையைப் பிளந்தது. பன்னிரண்டு மணிக்கு அமலோற்பவம் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரோடு அங்கே வந்தாள்.

"நீ போய் எதிர்க்கடையில உக்காரு தாயி" என்றாள் முத்துச்செல்வியிடம்.

"டூட்டிக்கா. எம்மேல நடவடிக்க எடுத்துருவாவ."

"அங்கன இருந்தே விசில் ஊது. கேக்கும்."

முத்துச்செல்வி போய் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தாள். அமலோற்பவம் கம்புக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். கையைக் காட்டவில்லை. யாரையும் நிறுத்தவில்லை. சும்மா நின்றாள். நாலு பக்கமும் வண்டிகள் வந்தன, ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி வந்து, ஹாரன் அடித்து, திட்டி, வளைந்து போயின. அவளுக்குக் கண் இருட்டியது. அவர் இந்த இடத்தில்தான் நின்றார், இதையேதான் பார்த்தார் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது தளவாய் ஆட்டோவில் வந்தார். அவளைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் பிரேக்கை மிதித்தார். வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, அவளை ஒட்டி, ஆட்டோவின் நிழல் அவள் மேலும் கம்பின் மேலும் விழுகிற மாதிரி நிறுத்தினார். சூரியன் உச்சியில் இருந்தது, ஆட்டோவின் நிழல் ஒரு முழம்கூட வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்தது. குறுக்கு ரோட்டு வண்டிகள் அதற்குள் போய்விட்டன. அவர் கிளம்பினார். அவர் விட்ட இடத்தில், பின்னால் வந்த டவுன் பஸ் நின்றது. பஸ்ஸின் நிழல் பெரிது, அதில் இன்னும் நாலு பேர் நிற்கலாம். டிரைவர் ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, குறுக்கே எல்லாரும் போனபின் கிளம்பினார். அப்புறம் சிமெண்டு லாரி. அப்புறம் பால் வண்டி. யாரும் விசில் ஊதவில்லை. ஒவ்வொரு வண்டியும் வந்து நின்று, தன் நிழலைக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டிக்கு இடம் விட்டுப் போனது. புளியங்கரையில் வண்டிகள் தானாக நின்றதை மருந்துக்கடைப் படியில் இருந்து பார்த்த முத்துச்செல்வி விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கீழ பஜாரில் இதைக் கேள்விப்பட்ட இட்லிக்கடைக்காரர், தன் கடைவாசல் கம்பில் அன்று காலை மறுபடியும் துளிர்த்ததைக் கிள்ளாமல் விட்டுவிட்டார்.

ஓட்டு எண்ணி முடிந்து அமலோற்பவம் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்ததும், பந்தலைப் பிரிக்க வந்த காண்டிராக்டரைக் கம்பைத் தொடவிடாமல் ஜனங்கள் மறித்து நின்றதும், உச்சி வேளை உத்தரவில்தான் அவள் முதல் கையெழுத்துப் போட்டதும் ஊருக்கே தெரியும். அவளுக்குத் தேர்தல் முடிந்தது அதற்கு முன்னாலேயே, அந்த மத்தியானத்திலேயே. மூன்று மணிக்கு வண்டிகள் குறைந்து, கடைசியாக நின்ற வண்டியும் போன பிறகு, வெட்ட வெயிலில் அவளும் கம்பும் மட்டும் நின்றார்கள். துளிர் காலையில் இருந்ததைவிட விரிந்து மூன்று இலையாகியிருந்தது. வெயில் மேற்கே சரிந்தபோது அந்த மூன்று இலைகளின் நிழல் நகர்ந்து வந்து அவள் கால் பெருவிரலின் மேல் விழுந்தது. அந்த ஒரு விரல் மட்டும் குளிர்ந்தது. அவள் காலை நகர்த்தாமல் நின்றாள்.